ஒரு டேங்க் உனக்கு, ஒரு டேங்க் எனக்கு

என்னோடு ஒரே வட்டத்தில் சுற்றியவளே,

போன சனிக்கிழமை நம் பழைய ஸ்குவாட்ரன் ஷெட்டில் ஒரு பாட்டிலின் மூடியைத் திறந்தார்கள். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் சேர்ந்த அந்த வாடை. நம் சின்ன விமானங்களின் எஞ்சினுக்கு ஊற்றுவோமே, அதுதான். உன் அம்மா அந்த வாடைக்குப் பயந்து உன் யூனிஃபார்மைத் தனி வாளியில் நனைப்பார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் ஆஃபீசர் சின்னப் பெண். “என்ன மேடம், தலை சுத்துதா?” என்று ஓடிவந்தாள். “இல்லம்மா, எனக்குச் சுத்தினாத்தான் தெளியும்” என்றேன். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். அவள் நாற்காலி எடுக்கப் போனாள்.

என்னை எதற்குக் கூப்பிட்டிருந்தார்கள் தெரியுமா? ஸ்குவாட்ரனுக்கு ஆண்டு விழாவாம். என்.சி.சி. என்ற தேசிய மாணவர் படையின் ஏர் விங் திருச்சியில் எப்படித் தொடங்கியது, எப்படி வளர்ந்தது என்று கேடட்டுகளுக்குச் சொல்ல வேண்டுமாம். பெண்களைச் சேர்த்த முதல் அணியில் இருந்தவர்களில் உள்ளூரில் அகப்பட்டவள் நான் ஒருத்திதான். ஒப்புக்கொள்ளும்போதே எனக்குக் கடுப்பு. அவர்கள் ஏற்கெனவே ஒரு வரலாறு வைத்திருந்தார்கள். எந்த ஆஃபீசர் எப்போது வந்தார், எந்தக் கோப்பை எந்த முகாமில் வாங்கியது, கிளைடர் எப்போது பறப்பதை நிறுத்தியது, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் பெட்டி எப்போது வந்தது. அதில் ஒரு வரி, “பின்னர் பெண்களும் சேர்க்கப்பட்டனர்.” அவ்வளவுதான் நாம். சாம்பாரில் கடைசியாகப் போட்ட கொத்தமல்லி மாதிரி.

அந்த ஷெட் உனக்கு நினைவிருக்கும். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், தகரக் கூரை. ஆண்கள் ஆண்டுக்கணக்காக ஆண்ட இடம். நாம் போனபோது நமக்கு ஒரு மூலையும் ஒரு உடைந்த மேசையும் கொடுத்தார்கள். நீல நிறச் சட்டை தைத்து வந்த அன்று நீ உன் வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு வந்தாய். தெருக்காரர்கள் பார்த்தால் அப்பா வருத்தப்படுவாராம். பஸ் காவேரிப் பாலம் ஏறியதும் துப்பட்டாவைச் சுருட்டிப் பையில் திணித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாய். நான் உன்னை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தது அந்த நிமிடத்தில்தான்.

நாம் பறக்கவிட்டது கம்பி கட்டிய விமானம். நடுவில் ஒருத்தி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கைப்பிடியிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் விமானத்தின் இறக்கைக்குப் போகும். விமானம் அவளைச் சுற்றிச் சுற்றியே பறக்கும். அவளும் கூடவே சுற்ற வேண்டும். மணிக்கட்டை மேலே சாய்த்தால் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். ஆனால் நிறுத்த முடியாது. டேங்கில் எண்ணெய் தீர்ந்து எஞ்சின் தானாக அடங்கும்வரை அவள் வட்டத்தை விட்டு வெளியே வர முடியாது, வேறு யாரும் உள்ளே போகவும் முடியாது. குறுக்கே வந்தால் கம்பி அறுத்துவிடும்.

புதியவர்களுக்குத் தலை சுற்றும் என்பதால் நம் ஸ்குவாட்ரனில் ஒரு வழக்கம் இருந்தது. பறக்கவிடுபவளின் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தி பின்னால் நின்று கூடவே சுற்றுவாள், விழுந்தால் கைப்பிடியை வாங்கிக்கொள்ள. நம் இருவருக்கும் தலை சுற்றுவது ஒரு மாதத்திலேயே நின்றுவிட்டது. வழக்கத்தை மட்டும் நாம் விடவில்லை. அதற்குக் காரணம் வேறு.

உன் வீட்டில் ஒரு கூடம், ஒரு சமையலறை, அதற்குள் ஏழு பேர். என் வீட்டில் மூன்று அண்ணன்கள். போதாததற்கு மாதா கோயில் மணி அடித்தால் ஜெபத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களும் உள்ளே வந்து உட்காருவார்கள். நாம் இருவர் மட்டும் பேசிக்கொள்ள இந்தத் திருச்சியில் ஒரு சாண் இடம் கிடையாது. வட்டத்துக்கு நடுவில்தான் கிடைத்தது. எஞ்சின் போடும் கூச்சலில் பக்கத்தில் நிற்பவள் காதைத் தவிர எங்கும் எதுவும் கேட்காது. மைதானத்தைச் சுற்றி ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், யாருக்கும் ஒன்றும் தெரியாது. பறக்கவிடுபவள் விமானத்தையே பார்க்க வேண்டும், அதனால் கேட்பவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எதையும் சொல்லலாம். “ஒரு டேங்க் உனக்கு, ஒரு டேங்க் எனக்கு” என்று நீதான் முறை வைத்தாய். கைப்பிடி யாரிடமோ, பேச்சும் அவளுடையது. மற்றவள் வாயே திறக்கக் கூடாது.

இன்னொரு விதியும் நீ போட்டதுதான். எண்ணெய் தீரப் போகும்போது எஞ்சின் சத்தம் திடீரென்று கீச்சென்று ஏறும். ஏறிய சில நொடிகளில் அடங்கிவிடும். அப்புறம் மைதானமே நிசப்தம், குண்டூசி விழுந்தாலும் கேட்கும். “சத்தம் ஏறினா வாயை மூடிக்கணும். பாதி வார்த்தையா இருந்தாலும் முழுங்கிடணும்” என்றாய். நீ ஒரு தடவைகூடத் தப்பு செய்ததில்லை. எனக்குத்தான் அவ்வப்போது நாக்கு நீளும். அப்போது பின்னாலிருந்து என் தோளை நறுக்கென்று கிள்ளுவாய்.

உன்னை நிஜ விமானத்தில் ஒரே ஒரு முறை ஏற்றிக்கொண்டு போனார்கள். இறங்கி வந்ததும் எல்லோரும் என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள். “நன்னா இருந்தது” என்று மட்டும் சொன்னாய். மறுநாள் வட்டத்தில் உன் டேங்கில்தான் முழுக்கதையும் வந்தது. காவேரி ஒரு பக்கம், கொள்ளிடம் ஒரு பக்கம், நடுவில் ஸ்ரீரங்கம். “சதுரத்துக்குள்ள சதுரம்டி. அதுக்குள்ள இன்னொரு சதுரம். எங்க ஆத்துக் கூரை எதுன்னு தேடினேன், தெரியல. தெரியலைன்னதும் எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்தது.” அதைச் சொன்னபோது உன் மணிக்கட்டு தானாக மேலே சாய்ந்து விமானம் செங்குத்தாக ஏறியது. வெளியே நின்ற ஆஃபீசர் விசில் ஊதினார்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. விமானப் படையில் பைலட் வேலைக்கு மைசூரில் தேர்வு, உன்னைக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை போக வேண்டும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை உன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். வியாழன் மாலை வட்டத்துக்குள் நீ அப்பாவிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தாய். “அப்பா, எனக்கு இப்போ கல்யாணம் வேண்டாம். மைசூர் போயிட்டு வரேன். அங்க வேண்டாம்னு சொல்லிட்டா நீங்க சொல்ற இடத்துல பண்ணிக்கறேன்.” என் டேங்கையும் உனக்கே கொடுத்தேன். திரும்பத் திரும்பச் சொன்னாய். கடைசி முறை சொன்னபோது குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. இவள் போய்விடுவாள், நான் இங்கேயே கிடக்கப் போகிறேன் என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை பரேடுக்கு மஞ்சள் பூசிய முகத்தோடு வந்தாய். ஒன்றும் கேட்காமல் எஞ்சினைக் கிளப்பச் சொன்னேன். “நன்னாத்தான் ஒத்திகை பாத்துண்டேன். அப்பா முகத்தைப் பாத்தேன், சத்தம் ஏறிடுத்துடி” என்றாய். அதற்குப் பிறகு அந்த டேங்க் தீரும்வரை நீ பேசவில்லை. நானும் விதிப்படி பேசவில்லை.

அன்றிலிருந்து அது நம் இருவருக்குள்ளும் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. உன் மாமியார், உன் ஆத்துக்காரர், என் அண்ணன்கள், என் ஹெட்மாஸ்டர், யார் முன்னால் வாயை மூடினாலும் “சத்தம் ஏறிடுத்து” என்போம். சொல்லிவிட்டுச் சிரிப்போம். சிரிப்பதற்கு அதில் என்ன இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு உன்னை வைத்த இடம் கீழ உத்திர வீதி. நீ மேலிருந்து பார்த்த அதே சதுரங்களில் ஒன்று. அடிக்க மாட்டார்கள், திட்ட மாட்டார்கள். நீ எங்கே போகிறாய் என்று மட்டும் கேட்பார்கள். கோயிலைச் சுற்றப் போகிறேன் என்றால் அதற்கு மறுப்பில்லை. அதனால் மாதம் ஒரு ஞாயிறு நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி வந்துவிடுவேன். நீ நான்கு உத்திர வீதியும் பிரதட்சிணம் வருவாய், கழுத்தில் ஜெபமாலை போட்ட நான் உன் பக்கத்தில் நடப்பேன். ஒரு சுற்று உனக்கு, ஒரு சுற்று எனக்கு. “உன் ஆளுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லையே?” என்று கோபுரத்தைக் காட்டிக் கேட்பேன். “அவர் படுத்துண்டிருக்கார், உன்னைப் பாக்கல” என்பாய். மூலை திரும்பி உன் வீட்டு மாடி ஜன்னல் கண்ணில் பட்டதும் உன் பேச்சு நின்றுவிடும். பாதி வார்த்தையாக இருந்தாலும் முழுங்கிவிடுவாய். உன் மாமியார் போய்ச் சேர்ந்தபிறகு அந்த ஜன்னலில் யாருமே இல்லை. அப்போதும் அந்த மூலையில் நீ பேசியதில்லை.

என் கதை உனக்குத் தெரியும். அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்த நல்ல மனிதரைக் கட்டிக்கொண்டேன். நல்ல மனிதர்தான், அதில் இன்றைக்கும் மாற்றமில்லை. பக்கவாதம் வந்து அவர் வலது பக்கமும் பேச்சும் போனபின் இடது கையில் ஒரு சில்வர் டம்ளரை வைத்துக் கட்டில் கம்பியில் தட்டுவார். தண்ணீருக்குத் தட்டுவார், ஃபேனுக்குத் தட்டுவார். பெரும்பாலும் நான் இருக்கிறேனா என்று பார்க்கத்தான் தட்டுவார். குளிக்கும்போது தட்டினால் பாதிச் சோப்போடு ஓடிவருவேன். வந்து நின்றால் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். இதற்கு யார்மீது கோபப்படுவது? அவர் தூங்கும் நேரம் பார்த்து ஓடிவந்து, உத்திர வீதியில் என் சுற்றில்தான் அதையெல்லாம் கொட்டினேன். நீ விதிப்படி ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாய். தெற்கு மூலையில் மோர் வாங்கிக் கொடுத்தாய்.

பிறகு உன் வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் லேசாக ஈதர் மாதிரி ஒரு வாடை. “ஒரு டேங்க் பேசலாமாடி?” என்று நீயே கேட்டாய். என் விரலைக் கைப்பிடி மாதிரிப் பிடித்துக்கொண்டாய். “எனக்கு ஒரே ஒரு ஆசைதான். ஒரு தடவை...” என்று தொடங்கினாய். கதவு திறந்தது. உன் ஓரகத்தி ஃபிளாஸ்கோடு உள்ளே வந்தார். நீ வாயை மூடிக்கொண்டாய். “காபி ஆறிடப் போறது, குடி” என்று என்னிடம் சொன்னாய். அடுத்த முறை நான் வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

ஒரு தடவை, என்ன? வீட்டில் பாத்திரம் கழுவும்போது, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது அந்தப் பாதி வாக்கியம் வந்து நிற்கிறது. உன்மேல் எனக்குக் கோபம். சாகக் கிடப்பவளுக்கு ஓரகத்தி என்ன, ஊரே வந்தால்தான் என்ன? சொல்லித் தொலைத்திருக்கலாம்.

நீ போனபின் என் டேங்கை எங்கே கொண்டுபோய்த் தீர்ப்பது என்று தெரியவில்லை. மாதா கோயில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லலாமே என்பாய். அது பாவம்தானா என்றே எனக்குத் தெரியவில்லை, அவரிடம் என்னவென்று சொல்வது? மகனிடம் சொன்னால் உடனே பதறிப்போய் ஆள் வைக்கிறேன் என்பான். வைத்த ஆளை இவர் டம்ளரால் அடித்து விரட்டியாயிற்று. யார் கேட்டாலும் “பரவாயில்லைங்க, இருக்காரு” என்று சொல்லிச் சொல்லி என் வாய் அதற்கே பழகிவிட்டது. 

போன சனிக்கிழமை அவரைப் பார்த்துக்கொள்ள, மகன் சொல்லி, லால்குடியிலிருந்து நாத்தனார் வந்திருந்தார். மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். துப்பட்டா போர்த்தி வந்தவள் ஒருத்திகூட இல்லை. நான் கோப்பைகளைப் பற்றிச் சொன்னேன், கிளைடரைப் பற்றிச் சொன்னேன், உடைந்த மேசையைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார்கள். உன்னைப் பற்றி எதுவும் சொல்ல வரவில்லை. முடித்ததும் ஆஃபீசர், “மேடம், உங்க காலத்து மாடல் ஒண்ணைப் பிள்ளைங்க ரெடி பண்ணியிருக்காங்க. ஒரு தடவை ஓட்டிக் காட்டுறீங்களா?” என்று கேட்டாள். ஒரு தடவை என்ற சொல்லைக் கேட்டதும் மறுக்க முடியவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் போய் நின்றேன். “பின்னாடி யாராவது நிக்கட்டுமா மேடம்?” என்றாள். “வேண்டாம்மா, ஆள் இருக்கு” என்றேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் ஒரு முறை பார்த்துவிட்டுத் தள்ளிப் போனாள்.

கை மறக்கவில்லையடி. இரண்டு சுற்றில் மணிக்கட்டுக்குத் தானாக வந்துவிட்டது. எஞ்சின் அலறியது, விளக்கெண்ணெய்ப் புகை முகத்தில் அடித்தது. நான் பேச ஆரம்பித்தேன். டம்ளரைப் பற்றி. முதுகுப் புண்ணுக்குப் பவுடர் போடும்போது அவர் அழுவதைப் பற்றி. அப்போது எனக்கு அழுகை வராமல் எரிச்சல் வருவதைப் பற்றி. ராத்திரி டம்ளர் சத்தம் நின்றால் பயத்தோடு கூடவே வேறு ஏதோ ஒன்று எட்டிப் பார்ப்பதைப் பற்றி. எல்லாம் உன்னிடம்தான் சொன்னேன்.

அப்போது சத்தம் ஏறியது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. தோள் கிள்ளுக்குக் காத்திருந்தது. கிள்ள ஆளில்லை. ஆஸ்பத்திரியில் உன் வாய் மூடியது நினைவுக்கு வந்தது, உன் அப்பா முகமும் வந்தது. போதும் என்று தோன்றியது. நான் நிறுத்தவில்லை. எஞ்சின் அடங்கிய நிசப்தத்தில் என் குரல் மட்டும் மைதானம் முழுக்கக் கேட்டது. “அந்த வீட்டுக்குள்ள எனக்கு மூச்சு முட்டுதுடி. என்னால முடியல.”

விமானம் சத்தமில்லாமல் மிதந்து வந்து புல்லில் உட்கார்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. எண்ணெய் ஊற்றி விமானத்தைக் கிளப்பிவிட்ட கேடட் பெண் அதைத் தூக்கித் துணியால் துடைத்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்து, “மேடம், பாதி டேங்க்தான் ஊத்தியிருந்தேன். ஃபுல்லா ஊத்தட்டுமா?” என்றாள்.

“ஊத்தும்மா” என்றேன்.

இரண்டாவது டேங்க் உன் முறை. கைப்பிடி என் கையில் இருந்தாலும் நான் வாயைத் திறக்கவில்லை. விமானம் மேலே ஏறி, கீழே இறங்கி, சுற்றிச் சுற்றி வந்தது. பிள்ளைகள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் ஏறி, அடங்கி, நிசப்தமான பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். நீ அந்த வாக்கியத்தை முடித்தாயா என்று எனக்குத் தெரியாது. நடுவில் யாரும் கதவைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது டம்ளர் சத்தம் வாசல்வரை கேட்டது. உள்ளே போய் அவர் முன்னால் நின்றேன். என் புடவை வாடையில் மூக்கைச் சுளித்தார். நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். கட்டில் அருகிலேயே நின்றுகொண்டு, இவருக்கும் கேட்கட்டும் என்றுதான், நாத்தனாரிடம் சொன்னேன். “மாசத்துல ரெண்டு ஞாயிறு நீங்க வந்து அண்ணனைப் பாத்துக்கணும். எனக்கு முடியலைங்க. வெளியில போகாட்டி எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்.”

நாத்தனார் பையைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். “வரேனே. நாலு ஞாயிறும் வேணும்னாலும் வரேன். இத்தனை வருஷத்துல நீங்க ஒரு வார்த்தை கேக்கவே இல்லையே அண்ணி” என்றார். கட்டிலில் டம்ளர் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், மெல்லத் தலையை ஆட்டினார்.

சமையலறைக்குள் போய் அழுதேன். எனக்காக இல்லை. ஒருவேளை அந்த வெள்ளிக்கிழமை நீ சொல்லியிருந்தால், உன் அப்பாவும் அப்படித்தான், “நீ ஒரு வார்த்தை கேக்கவே இல்லையேம்மா, போயிட்டு வா” என்று சொல்லியிருப்பாரா? இல்லை, நாம் பயந்தபடியே நடந்திருக்குமா? அவரும் இல்லை, நீயும் இல்லை. உன் பாதி வாக்கியத்தோடு இனி இதையும் சேர்த்துத்தான் நான் சுமக்க வேண்டும்.

வருகிற ஞாயிறு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி உத்திர வீதிக்கு வருகிறேன். முதல் சுற்று உனக்கு, நான் பேச மாட்டேன். அடுத்தது எனது. அதில் இந்தக் கேள்வியை உன்னிடம் வாய்விட்டுக் கேட்பேன். மூலை திரும்பியதும் அந்த மாடி ஜன்னல் தெரியும், தெரியட்டும். நான் நிறுத்தப் போவதில்லை.